மின்விசிறிக்கு உண்டு, மென்பொருளுக்கு இல்லையா?

கேள்வி: மின்விசிறி பழுதானால் மாற்றித் தருகிறார்கள். வீட்டு உபயோகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய வீடியோ எடிட்டிங் மென்பொருள், படத்தைச் சேமிக்கும்போதெல்லாம் நின்றுபோகிறது. கேட்டால், "நிபந்தனைகளை ஏற்றுத்தானே நிறுவினீர்கள்?" என்கிறார்கள்.

பதில்: 'உள்ளது உள்ளபடி தருகிறோம்' என்று அந்த நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டித்தான் கைகழுவுகிறார்கள். அந்த வரி எல்லா நாட்டிலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல், குறையுள்ள மென்பொருளை விற்பவர் சரிசெய்து தர வேண்டும். முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். குறை பெரிதென்றால் ஒப்பந்தத்தை முறித்து, 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒரே தடவையில் வாங்கியதென்றால், முதல் ஓராண்டில் தெரியவரும் குறை தொடக்கத்தில் இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. தொழிலுக்காக வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மின்விசிறியின் பேரிங் ஓடி ஓடித் தேயும். மென்பொருள் தேயாது; பிழை இருந்தால் அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். அதனால் 'நீங்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டீர்கள்' என்ற வழக்கமான சாக்கு இங்கே எடுபடாது. ஆனால் சாட்சி நிலைக்காது. இரவோடு இரவாக ஒரு அப்டேட் வந்து இறங்கினால் பிழையின் தடயமே போய்விடும்.

ஆகவே முதலில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஆதாரம் எடுத்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வரும். மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளத்தின் (விண்டோஸ் போன்றது) பதிப்பு, பிழைச் செய்தியிலுள்ள எண் மூன்றையும் எழுதி வையுங்கள். புதிய, சின்னக் கோப்பு ஒன்றில் அதே பிழையை வரவழைத்து, திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். உரிமம் அனுமதித்தால் வேறொரு கணினியிலும் பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் வந்தால் டிரைவரிலோ (கணினியின் பாகங்களை இயக்க உதவும் சிறு மென்பொருள்) நினைவகத்திலோ கோளாறு இருக்கலாம். விற்றவரும் அதைத்தான் முதலில் கேட்பார். பிறகு மின்னஞ்சலில், எந்த பட்டனுக்குப் பிறகு என்ன ஆகிறது, உங்களுக்கு வேண்டியது திருத்தமா பணமா, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். 'சரியா வேலை செய்யல' என்று மொட்டையாக எழுதினால், 'மீண்டும் நிறுவிப் பாருங்கள்' என்றுதான் பதில் வரும்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் செயலியில், அப்டேட்டுக்குப் பிறகு ஒரு வசதியே காணோம்.

பதில்: அதே ஐரோப்பிய விதிப்படி, அந்த மாற்றம் உங்கள் பயன்பாட்டைக் கணிசமாகப் பாதித்தால் 30 நாளுக்குள் கட்டணமின்றி விலகலாம். பழைய வசதியோடு தொடர்ந்து பயன்படுத்த அவர்களே வழிவிட்டிருந்தால் விலக முடியாது. மாற்றம் பற்றி வந்த அறிவிப்பை அழித்துவிடாதீர்கள். நாள் கணக்குக்கு அது வேண்டும்.