சாவி திரும்பவில்லை என்றால் முழு லாக் செட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் சில நேரம் சாவி திரும்ப மறுக்கிறது, சில நேரம் திரும்பியும் செல்ஃப் எடுப்பதில்லை, பட்டறையில் இக்னிஷன் பூட்டு, கதவுப் பூட்டுகள், சாவிகள் எல்லாம் சேர்ந்த முழு லாக் செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், அது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே எது பழுது என்று தெரிவதற்கு முன் லாக் செட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

இக்னிஷன் லாக் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் மூன்று பாகங்கள் இருக்கின்றன. முதலாவது, சாவி நுழையும் உருளை. அதனுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சிறு ஸ்பிரிங்குகளின் துணையோடு துருத்திக்கொண்டு நிற்கும். சரியான சாவி நுழைந்தால்தான் அவை எல்லாம் உருளையின் மட்டத்துக்கு வந்து அதைத் திரும்ப விடும். இரண்டாவது, ஸ்டீயரிங் தண்டைப் பூட்டும் இரும்பு நாக்கு. மூன்றாவது, இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு சிறு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும் மின் சுவிட்ச். சாவியே திரும்பவில்லை என்றால் முதல் இரண்டில் ஒன்றைப் பார்க்க வேண்டும். தடையின்றித் திரும்பியும் வண்டி கிளம்பவில்லை என்றால் சுவிட்சையோ அதற்கு அப்பாலுள்ள மின்சுற்றையோ பார்க்க வேண்டும்.

சாவி திரும்பாத நேரங்களில் வண்டி எங்கே நின்றிருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சரிவிலோ, முன் சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டியபடியோ நிறுத்தியிருந்தால், ஸ்டீயரிங் தண்டின் இறுக்கம் முழுவதும் அந்த இரும்பு நாக்கின் மேல் விழுந்து அதை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் சிறிது அசைய இடமிருக்கிறதோ அந்தப் பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விடுபட்டுவிடும். இது கோளாறே அன்று. இதற்காகப் புதிய பூட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் முதலில் சொல்கிறேன்.

சமதளத்திலும் திரும்பவில்லை என்றால் அடுத்து ஐயப்பட வேண்டியது சாவியைத்தான். தினமும் புழங்கும் சாவியின் வெட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மழுங்கி, தகடுகளைச் சரியான உயரத்தில் நிறுத்தும் திறனை இழந்துவிடுகின்றன. அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது எளிதாகத் திரும்பினால் உருளை நன்றாகவே இருக்கிறது. என் பழைய காரில் நடந்தது இதுதான். பூட்டைத் தொடாமலே பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மழுங்கிய சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் வெட்டினால் அந்த மழுங்கலும் சேர்ந்தே நகலாகும். காரோடு வந்த சாவி எண் பொறித்த சிறு தகடு இருந்தால், அந்த எண்ணை வைத்து வெட்டித் தரச் சொல்வதே சரியான வழி.

இரண்டு சாவிகளும் சிக்கினால் உருளைக்குள் தூசியும் பித்தளைத் துகளும் சேர்ந்திருக்கலாம். கிராஃபைட் பவுடரையோ உலர்ந்த வகை மசகு ஸ்பிரேயையோ சிறிதளவு செலுத்தி, சாவியைப் பல முறை நுழைத்து எடுத்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெயும் என்ஜின் ஆயிலும் நம் வீடுகளில் எல்லாப் பூட்டுக்கும் மருந்து. இங்கே அவை தூசியைப் பிடித்து வைத்து, சில மாதங்களில் நிலைமையை மோசமாக்கும். எந்த நிலையிலும் கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்து முறுக்காதீர்கள், ஏனெனில் உள்ளே முறிந்த சாவியை எடுப்பது பூட்டை மாற்றுவதைவிடப் பெரிய வேலையாகிவிடக் கூடும்.

இனி, திரும்பியும் செல்ஃப் எடுக்காத பிரச்சினை. பேட்டரி முனைகள் சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டுக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தப் பாகம்) வரும் மெல்லிய ஒயரில், மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் சுவிட்ச் குற்றவாளி அன்று. எரியவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், கிளட்ச் பெடலில் உள்ள சிறு சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்த பின்பே இக்னிஷன் சுவிட்சுக்கு வர வேண்டும். சாவியை லேசாக அசைக்கும்போது டேஷ்போர்டு விளக்குகள் அணைந்து எரிவதும், என்ஜின் கிளம்பிய உடன் சாவியைக் கைவிட்டதும் நின்றுவிடுவதும் சுவிட்சின் உள் தொடுமுனைகள் தேய்ந்ததற்கான அடையாளங்கள். மாறாக, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல், இம்மொபிலைசர் (சரியான சிப் உள்ள சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்ப விடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், சாவித் தலைக்குள் இருக்கும் சிப்பையோ உருளையைச் சுற்றியுள்ள காயிலையோ சோதிக்க வேண்டும்.

சாவிக் கொத்தின் எடையும் இங்கே ஒரு காரணம். 2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்னிஷன் சுவிட்ச் குறைபாட்டுக்காக ஏறக்குறைய 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தச் சுவிட்சின் பிடிமானம் தளர்வாக இருந்ததால், கனமான கொத்து தொங்கினாலோ வண்டி குலுங்கினாலோ, ஓடும்போதே சாவி தானாகப் பின்வாங்கி என்ஜினை நிறுத்தியது. பவர் ஸ்டீயரிங்கும் ஏர்பேக்கும் செயலிழந்தன. அதனால் நேர்ந்த 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. எல்லாக் கார்களிலும் அந்தக் குறை இல்லை என்றாலும், கார் சாவியை வீட்டுச் சாவிகளிலிருந்து பிரித்து வைப்பதில் நட்டமில்லை.

சுவிட்ச் மட்டும் பழுது என்றால் அதைத் தனியே வாங்கி மாற்றலாம். உருளையையும் சாவியையும் தொட வேண்டியதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் அடங்கச் சில நிமிடங்கள் விட்ட பிறகே ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் உறையைத் திறக்க வேண்டும். ஏர்பேக்குக்குச் செல்லும் மஞ்சள் நிற ஒயர்களை நெருங்க வேண்டாம்.

உருளையே தேய்ந்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பல கார்களில் சாவியை ஏசிசி (ACC, ஆன் நிலைக்கு முந்தைய) நிலைக்குத் திருப்பினால்தான் உருளையைப் பிடித்திருக்கும் ஊசியை மெல்லிய கம்பியால் அழுத்தி வெளியே இழுக்க முடியும். முழுவதும் இறுகிவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். செலவு அங்கேதான் ஏறுகிறது. பூட்டு வேலை தெரிந்தவர் கிடைத்தால், புதிய உருளையின் தகடுகளை உங்கள் சாவிக்கு ஏற்ப மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி நீடிக்கும். பழைய சாவியின் சிப்பே தொடர்வதால் இம்மொபிலைசரை மீண்டும் பதிவு செய்யவும் வேண்டியிருக்காது. பட்டறையை விட்டுக் கிளம்புமுன், சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்கிறதா, சாவி ஆன் நிலையில் இருக்கும்போது ஸ்டீயரிங் இரு பக்கமும் கடைசி வரை தடையின்றித் திரும்புகிறதா என்பதை நீங்களே அமர்ந்து பார்த்துவிடுங்கள்.