எனக்கு எம்.எஸ்.; மகளுக்கும் வருமா?

கேள்வி: மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்கு மூன்று வருடமாக மருந்து எடுக்கிறேன். மகளுக்கு 9 வயது. அவளுக்கும் வருமா? இப்போதே மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமா?

பதில்: வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பரிசோதனையும் வேண்டாம்.

பெற்றோரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். அதிலும் 18 வயதுக்குள் தொடங்குவது அபூர்வம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்று. அவர்களிலேயே ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான்.

எச்.எல்.ஏ-டிஆர்பி1*15:01 என்ற மரபணு வகை அபாயத்தைச் சுமார் மூன்று மடங்காக்கும். ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வருவதே இல்லை. இதுபோக 200-க்கு மேற்பட்ட சிறு மாற்றங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பங்குண்டு. ரிசல்ட் வந்தால் கவலை கூடும், சிகிச்சை மாறாது.

அப்புறம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், இந்தத் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். அபாயம் 32 மடங்கானது தெரிந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடலில் இந்த வைரஸ் சும்மா கிடக்கிறது. எச்சில் வழியே பரவும், தடுப்பூசி கிடையாது. தோழியின் தண்ணீர் பாட்டிலில் குடித்தாளா என்று துருவிக்கொண்டிருக்காதீர்கள்.

உங்கள் கையில் இருப்பதில் நான் முதலில் கேட்பது, வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்பதைத்தான். பெற்றோர் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அபாயம் இரு மடங்கு என்கிறது 2007-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு. பால்கனியில் நின்று புகைப்பதெல்லாம் கணக்கில் சேராது, நிறுத்த வேண்டும். பருவ வயதில் உடல் பருமனும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அபாயத்தைக் கூட்டுகிறது. விட்டமின் டி குறைவும் அப்படியே. ஆனால் ரத்தத்தில் அளவு பார்க்காமல் நீங்களாக மாத்திரை கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் கால்சியம் எகிறிவிடும்.

அறிகுறி இல்லாத பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சிவப்பு வெளிறித் தெரிகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாலோ, மரத்துப்போவதும் தள்ளாட்டமும் ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ, உடனே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு எம்.எஸ். இருப்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.