மாரடைப்பு வந்த அப்பாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அதே மருத்துவமனையில் ஒரு புது மருந்துக்கான ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் கிடைக்குமாம். அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். சேர்க்கலாமா?

பதில்:

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஏழு வருடமாக ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஸ்டடி கோஆர்டினேட்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஒப்புதல் படிவத்தை நோயாளிக்கு விளக்குவது, மாத்திரை டப்பாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, அடுத்த முறை வரவேண்டிய தேதியைப் போனில் நினைவூட்டுவது, இதெல்லாம்தான் என் வேலை. உங்கள் அம்மா கேட்கும் இதே கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நியாயமான பயம்.

முதலில் அந்த 'வெறும் மாத்திரை' விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போது சாப்பிடும் ஆஸ்பிரின், ஸ்டென்டுக்காகத் தரும் இன்னொரு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பதாகத்தான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். பெரும்பாலான இதய ஆய்வுகளில் அப்படி இல்லை. இருக்கிற சிகிச்சை எல்லோருக்கும் அப்படியே தொடரும். அதற்கு மேல் கூடுதலாகப் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. உங்கள் அப்பாவின் ஆய்வும் அப்படித்தானா என்று படிவத்தில் பாருங்கள். வழக்கமான மருந்து எதையாவது நிறுத்துவார்கள் என்று இருந்தால், ஏன் என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு மேலே பேசுங்கள்.

அடுத்து, மருந்தில்லாத மாத்திரை கிடைத்தால் நமக்கு நஷ்டம் என்ற எண்ணம். எனக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது 1980களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வு.

மாரடைப்பில் பிழைத்தவர்கள் சிலருக்கு இதயம் நடுநடுவே தப்பாகத் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது அப்போதே தெரியும். ஃப்ளெக்கனைடு, என்கனைடு என்ற இரண்டு மருந்துகள் அந்தத் தப்புத் துடிப்பை நன்றாக அடக்கின. ஈசிஜியைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். அப்புறம் என்ன, உயிரும் பிழைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டாக்டர்களும் அப்படி நம்பியே எழுதிக்கொடுத்து வந்தார்கள். இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவதே தர்மம் இல்லை என்று எண்ணியவர்களும் உண்டு.

ஆய்வில் மருந்து கிடைத்தவர்கள் 755 பேர். வெறும் மாத்திரை கிடைத்தவர்கள் 743 பேர். சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்துபோனார்கள். துடிப்பைச் சரிசெய்த அதே மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது. இடையிடையே கணக்கைப் பார்க்கும் கண்காணிப்புக் குழு ஒன்று தனியாக இருந்ததால், 1989 ஏப்ரலில் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். இந்த ஆய்வு நடக்காமலே போயிருந்தால் எத்தனை வீடுகளில் அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனசு பதறும்.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்வது நேர்மையாக இருக்காது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 417 மருத்துவமனைகளில் மாரடைப்போடு வந்த 17,187 பேர் சேர்ந்தார்கள். சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. ஐந்து வாரத்தில், இரண்டும் கிடைக்காத 4,300 பேரில் 568 பேர் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தார்கள். இரண்டும் கிடைத்த 4,292 பேரில் 343 பேர். இங்கே வெறும் மாத்திரை கிடைத்தவர்கள்தான் இழந்தார்கள். இன்று நெஞ்சுவலி என்று போனதும் அவசரப் பிரிவில் ஆஸ்பிரினைக் கடித்து மெல்லச் சொல்கிறார்களே, உங்கள் அப்பாவுக்கும் அன்று கொடுத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் ஊருக்கு ஊர் பரவ இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த 568 பேரின் குடும்பங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஒரு ஆய்வில் மருந்து பெற்றவர்கள் இழந்தார்கள், இன்னொன்றில் பெறாதவர்கள் இழந்தார்கள். எது எப்படி முடியும் என்று சேரும் நாளில் எவருக்கும் தெரியாது. நிஜமாகவே தெரியாது என்ற நிலையில்தான் இப்படி ஆய்வு செய்யலாம். தெரிந்துகொண்டே ஒருவருக்குக் கொடுக்காமல் விட்டால் அது குற்றம். அதனால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "இந்த மருந்து நல்லது என்று உங்களுக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரியுமா?" "தெரியாது, அதற்குத்தான் இந்த ஆய்வு" என்று சொல்பவரை நான் நம்புவேன். "நல்ல மருந்துங்க, வெளியே கிடைக்காது, சேர்ந்துடுங்க" என்று அவசரப்படுத்துபவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏன் இத்தனை ஆயிரம் பேர் வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். ஐசிஸ்-2 முடிவைப் பல விதமாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ராசி வாரியாகவும் பிரித்தார்கள். பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி. மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பலன் இல்லை, கொஞ்சம் கெடுதல் என்பதுபோலக்கூட வந்தது. கூட்டத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் தற்செயலும் உண்மைபோலத் தெரியும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மருந்து சாப்பிட்டுக் குணமானார் என்பதை வைத்து அது நல்ல மருந்து என்று முடிவு செய்ய முடியாததும் இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் அப்பா விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா. படிவத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினேன், சாட்சி கையெழுத்துப் போட்டார், அந்த அம்மா கைநாட்டு வைத்தார். முறைப்படி எல்லாம் சரி. இரண்டு மாதம் கழித்து வந்தவர், "ஏந் தம்பி, எனக்குக் குடுக்கறது நெச மாத்திரைதானே? பெரிய டாக்டர் எனக்குன்னு பாத்துத்தானே எழுதிருப்பாரு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலக் கம்ப்யூட்டர்தான் யாருக்கு எது என்று முடிவு செய்கிறது, டாக்டருக்கே தெரியாது என்று நான் வாசித்தது அவர் மனதில் ஏறவே இல்லை. அன்று முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு வேணாம்ப்பா" என்றார். விலகிக்கொண்டார். அதன்பின் அதே டாக்டரிடம், அதே ஓபியில், அதே மரியாதையோடுதான் சிகிச்சை தொடர்ந்தது. விலகுவது நோயாளியின் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "இப்ப நான் சொன்னதை நீங்க உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க, எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க" என்பேன். நீங்களும் அப்பாவிடம் இதைச் செய்து பாருங்கள். எதற்கு இந்த ஆய்வு, வெறும் மாத்திரை வரலாம், எத்தனை முறை போகவேண்டும், என்ன பக்கவிளைவு வரலாம் என்று அவர் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் கையெழுத்து இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறோம் என்று கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். தமிழில் கேளுங்கள்.

படிவத்தில் சிடிஆர்ஐ எண் என்று ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். சிடிஆர்ஐ என்பது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் பதிவேடு. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகள் அதில் பதிவாக வேண்டும். யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். நோயாளிக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் எத்திக்ஸ் கமிட்டியின் தொடர்பு விவரமும் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தக் கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இல்லை, சட்டம் தெரிந்தவர், மருத்துவத் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருப்பார்கள். தயங்காமல் பேசலாம். ஆய்வினால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் வருட அரசு விதிகளில் தெளிவாக இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்பாவுக்கும் மனசு இருந்தால் சேர்க்கலாம் என்பது என் கருத்து. என் அப்பாவாக இருந்தால் சேர்ப்பேன். அவருக்கு மனசு இல்லை என்றால், டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

சேர்ந்தால் ஒரு சின்ன அட்டை தருவார்கள். ஆய்வின் பெயரும் அவசர எண்ணும் இருக்கும். அதை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும், வேறு ஊரில் வேறு மருத்துவமனைக்குப் போகும்படி ஆனாலும் காட்டலாம். நெஞ்சு வலித்தால் மட்டும் என்னைப்போல ஒரு கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டு, எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் 108.