செம்பு அண்டாவில் அலுமினியக் குழாய் ஒட்டவில்லை: பதில்
கோத்தகிரி நண்பரே, தைலம் காய்ச்சும் செம்பு அண்டாவில் அலுமினியக் குழாயை டிக் வெல்டிங் (மின்வில் சூட்டில் உருக்கி ஒட்டுவது) வைத்தால் ஆறியதும் விரிசல் விடுகிறது என்கிறீர்கள். பற்றவைக்கும் கம்பியை மாற்றிப் பயனில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1085-ல். இரண்டும் ஒட்டியிருந்தால் 548-லேயே உருகிக் கலந்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் கலவையாகிவிடும்.

துத்தநாக-அலுமினியக் கம்பியும் அதற்கான ஃப்ளக்ஸும் (உலோகத்தின் மேல்படலத்தை நீக்கும் பொருள்) வைத்து, செம்புப் பக்கம் சூடேற்றி, 480 டிகிரியை ஒட்டி பிரேசிங் (உலோகங்களை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவது) செய்தால் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். செம்பைத் தொட்டு வரும் ஈரம் அலுமினியத்தை உள்ளிருந்தே ஓட்டை போட்டுவிடும். வெளியே மலை மூடுபனி வேறு. குழாயையும் செம்பாக்கி, பாஸ்பரஸ்-செம்புக் கம்பியால் பற்றவையுங்கள், ஃப்ளக்ஸ்கூடத் தேவையில்லை. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் என்றால் அந்தக் கம்பி ஆகாது, வெள்ளி கலந்த கம்பிதான். கழற்றி மாட்ட ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வளையம்) வைத்தால் இடையில் கசிவைத் தடுக்க டெஃப்லான் கேஸ்கெட் போடுங்கள். ரப்பர் தைலத்தில் ஊறி உப்பிவிடும்.