ரன் என்றால் ஓடுவது மட்டும்தானா?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: சார், வெளியூர் வியாபாரியிடம் "ஐ ஆம் ரன்னிங் எ ஒர்க் ஷாப்" என்றேன். பையன் சிரிக்கிறான். தப்பா?

சிரிக்கிற அளவுக்குத் தப்பில்லை. நடத்துவதற்கும் ரன்தான். ஆனால் நிரந்தரத் தொழில் என்றால் "ஐ ரன் எ ஒர்க் ஷாப்" போதும். இங் சேர்த்தால் இப்போதைக்கு நடத்துவதுபோல் தொனிக்கும். அப்புறம், "கடை நல்லா ஓடுது" என்பதை அப்படியே "தி ஷாப் இஸ் ரன்னிங் வெல்" ஆக்காதீர்கள். நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் வெள்ளைக்காரன் புரிந்துகொள்வான். நல்ல வியாபாரம் என்று சொல்ல "பிசினஸ் இஸ் குட்".

அஸ்தம்பட்டி பிளஸ் டூ மாணவி: இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் சார் படிப்பது?

கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிக இடம் பிடித்த சொல் 'செட்'. பிறகு திருத்தி எழுதியபோது ரன் முந்திவிட்டது; வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம். உனக்கு இருபது போதும் கண்ணு. மூன்று வடிவமும் ரன், ரேன், ரன். "ஹேவ் ரேன்" என்று எழுதினால் மார்க் போச்சு.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்: ரோடுக்கும் ரன் வருமாமே?

வரும். நமக்கு ரோடு போகும், ஓடாது, ஆங்கிலத்தில் ஓடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் காட்டி "தி ரோடு ரன்ஸ் அப் டு ஏற்காடு" என்று சொல்லுங்கள். "இஸ் ரன்னிங்" கூடாது, ரோடு எங்கே நகர்கிறது? ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா என்பதற்கு "டஸ் தி பஸ் ரன் ஆன் சண்டேஸ்?". பனிமூட்டத்தில் அந்த பஸ் தாமதமானால் மட்டும் "இட் இஸ் ரன்னிங் லேட்". மலையில் இது அடிக்கடி தேவைப்படும்.

தட்டுவடை செட் கடைக்காரர்: சரக்கு தீர்ந்துபோச்சு என்பதற்கு ரன் அவுட் சொல்லலாமா? அது கிரிக்கெட் ஆச்சே?

தாராளமாகச் சொல்லலாம். தட்டுவடையை முன்னால் வைத்தால் "தட்டுவடை ஹேஸ் ரன் அவுட்". உங்களை முன்னால் வைத்தால் "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் தட்டுவடை". அந்த 'ஆஃப்' விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும்.

நர்ஸிங் மாணவி: "ஷி இஸ் ரன்னிங் ஃபீவர்" சரியா?

நடுவில் ஒரு 'எ' வேண்டும்: "ரன்னிங் எ ஃபீவர்".

கல்லூரி மாணவர்: பழைய வாத்தியாரை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்று எழுதினேன். இடித்துவிட்டாயா என்கிறார்கள்.

எதிர்பாராமல் சந்திப்பதும் அதுவே, மோதுவதும் அதுவே. நீங்கள் எழுதியது சரி. 'ரன் ஓவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வாத்தியார் மேல் வண்டி ஏற்றியதாகிவிடும்.

அவரே: பரீட்சை ஹாலில் "ஒண்ணும் ஓடலை" என்பதை எப்படிச் சொல்வது?

"மை மைண்ட் வென்ட் பிளாங்க்". ரன்னுக்கு அங்கே வேலையில்லை.