அம்மா சொல்வதிலும் பாதி சரி

அன்புள்ள ஐயா,

என் மகள் கிரஹாம்ஸ்டவுனில் (இப்போது மக்கண்டா, வாயில் வரமாட்டேன் என்கிறது) பத்திரிகைத் துறை படிக்கிறாள். நம் தென்னாப்பிரிக்காவின் சாம் சோல் மாதிரி புலனாய்வு நிருபராகி விருது வாங்குவேன் என்கிறாள். கணக்கியல் படித்திருந்தால் நிம்மதியாகப் பிழைக்கலாமே என்று அவள் அம்மா ஒரே புலம்பல். இதெல்லாம் ஒரு பிழைப்பா? நீங்களே சொல்லுங்கள்.

டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம்.

பிழைப்புதான். பெரிய சம்பளத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

சோலும் ஸ்டெஃபான்ஸ் பிரம்மரும் 2010-ல் தொடங்கிய குழுவுக்கு அமாபுங்கானே என்று பெயர். ஜூலு மொழியில் சாணி உருட்டும் வண்டுகள். தங்களுக்குத் தாங்களே இப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் விருது மேடையை நினைத்துத் தொழிலுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

2008-ல் சோலின் போனை உளவுத்துறை ஒட்டுக்கேட்டது. அவருக்கு அப்போதே சந்தேகம், கேட்டும் பார்த்தார், உருப்படியான பதில் வரவில்லை. பின்னாளில் நாட்டின் அதிபரான ஜுமா மீதான ஊழல் வழக்கைக் கவனித்த அரசு வழக்கறிஞரோடு அவர் பேசியது அப்படியே எழுத்தில், 2015-ல் வேறொரு வழக்கின் தாள்களுக்கு நடுவே இணைப்பாக வந்து விழுந்தபோதுதான் விஷயம் உறுதியானது. வேறொருவராக இருந்தால் இதை வைத்து நாலு கட்டுரை எழுதி, நாலு மேடை ஏறியிருப்பார். இவர்கள் ஒட்டுக்கேட்கும் சட்டத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் போதிய பாதுகாப்பு இல்லாத அளவுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றது; ஒட்டுக்கேட்கும் உத்தரவு முடிந்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. சந்தேகம் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 13 வருடம்! உங்கள் மகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள், விருது ஆசையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

விருது திரும்பிப் போன கதையும் நம் டர்பனிலேயே உண்டு. கேட்டோ மேனர் போலீஸ் பிரிவு, ஆட்களைச் சுட்டுக் கொல்லும் கும்பல் என்று 2011-ல் சண்டே டைம்ஸ் எழுதியது. (என் தாத்தா கீரை போட்ட மண் அது. அந்தப் பெயரைத் தலைப்பில் பார்த்தாலே எனக்கு என்னவோ செய்யும்.) 2018 அக்டோபரில் அதே பத்திரிகை தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு, வாங்கிய விருதுகளையும் பரிசுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்தப் போலீஸ்காரர்கள் மீதான வழக்கு 2019-ல் கைவிடப்பட்டது. நடுவில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

இன்னொன்று. ஜுமாவின் நிதி ஆலோசகராக இருந்த ஷாபிர் ஷேக் மீதான ஊழல் வழக்கில் 2005-ல் நீதிபதி ஸ்குவயர்ஸ் டர்பனில் தீர்ப்புச் சொன்னார் இல்லையா, ஷேக்குக்கும் ஜுமாவுக்கும் இடையே 'பொதுவாகவே ஊழலான உறவு' என்று அவர் சொன்னதாக எல்லாப் பத்திரிகையும் எழுதியது, நானும் பத்துப் பேரிடம் சொன்னேன், மேல்முறையீட்டு நீதிமன்றமே அவர் சொன்னதாக எடுத்துக் காட்டியது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று 2006-ல் அவரே எழுதிய பிறகுதான் தெரிந்தது, அது அரசுத் தரப்பின் வாசகம். தீர்ப்பை எடுத்து ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

இனி உங்கள் வீட்டம்மா சொல்வதற்கு வருகிறேன். 2017-ல், ஜுமாவுக்கு நெருக்கமான, இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பமான குப்தாக்களின் மின்னஞ்சல்கள் வெளியானபோது, 'போச்சு, இனி இந்தியர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவார்கள்' என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. ஆனால் அதில் என்னை உலுக்கியது வேறு. ஏழை விவசாயிகளின் பால்பண்ணைக்கென்று ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் கொடுத்த பணத்தில் 3 கோடி ரேண்ட், துபாய் வழியாகச் சுற்றி வந்து சன் சிட்டியில் நடந்த குப்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. அந்தச் செலவைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டியிருந்தார்கள், தணிக்கை செய்த கேபிஎம்ஜி ஆட்கள் அதே கல்யாணத்தில் விருந்தாளிகள். மின்னஞ்சல் குவியல் யார் கைக்கு வேண்டுமானாலும் வரலாம், பேரேடு படிக்கத் தெரியாதவர் கையில் அது வெறும் காகிதம்தான்.

அதனால் மகளை நிறுத்த வேண்டாம். ஒரு வருடமாவது கணக்கியல் பாடத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் புலம்பல் கொஞ்சம் குறையும்.