ஜிஏஜி-யை ஒன்பது விதமாக மாற்றிப் பார்

கேள்வி (ப்ளஸ் டூ மாணவி, தண்டையார்பேட்டை): டீச்சர், டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாறினால் சில சமயம் ஒன்றுமே ஆகாது, சில சமயம் பெரிய நோயே வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்துதானே, இரண்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: இரண்டும் சரிதான் கண்ணு. கல்மண்டபம் பக்கத்தில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளும் இங்கேதான் தடுமாறுவார்கள். சடுதி மாற்றத்தின் (டிஎன்ஏ எழுத்து மாறுவதன்) வகைகளை மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. ஒரு கோடானை, அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியான அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகளை எழுதி, ஒரே எழுத்தை மட்டும் மாற்றி, வரக்கூடிய எல்லாவற்றையும் போடச் சொல்வேன். டிஎன்ஏவின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்குதான். அதனால் மூன்று இடம், இடத்துக்கு மூன்று மாற்று எழுத்து, மொத்தம் 9.

ஜிஏஜி-யை எடுத்துக்கொள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6ஆவது இடத்தில் இருக்கும் குளுட்டாமிக் அமிலத்துக்கான கோடான் இது. கடைசி ஜி, ஏ ஆனால் ஜிஏஏ. அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான், சங்கிலி அப்படியே இருக்கும். 20 அமினோ அமிலங்களுக்கு 61 கோடான்கள் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. கடைசி எழுத்து டி அல்லது சி ஆனால் ஆஸ்பார்டிக் அமிலம், குணத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி. முதல் ஜி, டி ஆனால் டிஏஜி. அது முடிவுக் கோடான். 146 அமினோ அமிலங்கள் வரவேண்டிய சங்கிலி ஐந்தோடு நின்றுவிடும்.

இப்போது நடுவில் இருக்கும் ஏ-யை டி ஆக்கு. ஜிடிஜி, அதாவது வாலின். (டிஎன்ஏவைப் பார்த்து செல் எழுதும் நகலான ஆர்என்ஏவில் டி-க்குப் பதில் யு வரும், அதனால் இதையே ஜியுஜி என்று படிப்பாய்.) குளுட்டாமிக் அமிலம் மின்சுமை உள்ளது, நீரோடு ஒட்டும். வாலின் நீரை விட்டு விலகும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் இந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் போய் ஒட்டிக்கொள்ள, அவை நீண்ட இழைகளாகத் திரண்டு சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால் கதிர் அரிவாள் செல் இரத்தசோகை. நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே இதைக் கண்டார்கள். குற்றவாளி ஒரே ஒரு அமினோ அமிலம் என்று கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் காட்டியது 1957இல். அப்போது உலகில் ஒரு கோடானைக்கூட யாரும் படித்திருக்கவில்லை! அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அதே நடு எழுத்து சி ஆனால்? ஜிசிஜி, அலனின். இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் இயற்கையிலேயே சிலரிடம் உண்டு, மகாசர் என்று பெயர். அது இழையாகத் திரள்வதில்லை. அதனால்தான் நோயாளியின் ஜிடிஜி-யை ஜிசிஜி ஆக்கும் மரபணுத் திருத்த முறையை ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள்.

எழுத்து மட்டும் போதாது, இடத்தையும் பார். முதல் எழுத்து ஏ ஆனால் ஏஏஜி, லைசின். இது 6ஆவது இடத்தில் நடந்தால் ஹீமோகுளோபின் சி. அங்கே கோளாறு பொதுவாக லேசானது. 26ஆவது இடத்திலும் ஒரு ஜிஏஜி இருக்கிறது. அதில் இதே மாற்றம் நடந்தால் ஹீமோகுளோபின் இ, நம் வடகிழக்கு மாநிலங்களில் நிறையப் பேருக்கு உண்டு. அங்கே ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலையும் கெடுவதால் புரதத்தின் அளவே குறைந்துபோகிறது. பரீட்சையில் எந்த எழுத்து என்பதோடு எத்தனையாவது கோடான் என்றும் எழுது. மீதி இரண்டு மாற்றங்களை அட்டவணை பார்த்து நீயே போடு.

கேள்வி (வாசகர், வியாசர்பாடி): எழுத்து மாறாமல், ஒன்று விழுந்தே போனால்?

பதில்: அது பெரும்பாலும் இன்னும் மோசம் ஐயா. செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். 'இவள் அவன் மகள்' என்பதில் முதல் 'வ'வை எடுத்துவிட்டு மூன்று மூன்றாகப் படியுங்கள்: 'இள்அ வன்ம கள்'. விழுந்த இடத்துக்கு அப்பால் எல்லாமே வேறு அமினோ அமிலங்கள், சீக்கிரமே ஒரு முடிவுக் கோடானும் குறுக்கிடும். பீட்டா மரபணுவில் 41, 42ஆவது கோடான்களில் நான்கு எழுத்துகள் விழுவது இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாகாத இரத்தசோகை நோய்) ஒரு முக்கியக் காரணம். சரியாக மூன்று எழுத்துகள் விழுந்தால் வரிசை குலையாது, ஒரு அமினோ அமிலம் மட்டும் குறையும். ஆனால் அதுவும் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508ஆவது ஒன்று மட்டுமே இல்லை. அது இல்லாததால் புரதம் சரியாக மடியாமல், செல் அதை அழித்துவிடுகிறது.